நாடகத் தச்சன்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

சென்ற ஆண்டு என் பேத்தி பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு வந்தாள். ஆங்கிலச் சொல்லெழுத்துத் தேர்வில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண். தவறிப்போன அந்த ஒன்று, நாடகம் இயற்றுவோரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்னும் சொல். 'எழுது' என்று பொருள்படும் 'ரைட்'டை 'பிளே' என்பதோடு ஒட்டி எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் 'ஜி', 'எச்' என்னும் இரண்டு எழுத்துகளை நடுவே புகுத்தி, ஈற்றிலிருந்த 'இ'யை அடித்திருந்தார். "தாத்தா, நாடகம் எழுதறவர்தானே அவர்? எழுதற ரைட் ஏன் தப்பு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஆங்கிலம் படித்த பெரியவர்களிலும் பலர் இச்சொல்லை அவ்வாறே பிரித்துப் பொருள் கொள்கின்றனர். விடையை அவளுக்குச் சொன்னேன்: "அவர் நாடகத்தை எழுதுகிறவர் இல்லை அம்மா, செய்கிறவர். அந்த ரைட்டுக்குத் தச்சன் என்று பொருள்." அவள் நம்பாமல் போய்விட்டாள். சொன்ன எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாடகங்களைப் படித்தும் பார்த்தும் மதிப்பிட்டும் வந்த ஒருவன், இச்சொல்லின் பொருளைத் தெரிந்து வைத்திருந்தும் அதன்படி நடந்திருக்கிறேனா என்னும் ஐயம் எழுந்ததே காரணம். அந்த ஐயத்திலிருந்து பிறந்தது இக்கட்டுரை.

சொல்லின் பிறப்பை முதலிற் காண்போம். பழைய ஆங்கிலத்தில் இது 'விர்ஹ்தா' என்பது போல ஒலித்தது. வேலையைக் குறிக்கும் 'வொர்க்' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரிற் கிளைத்தவை. காலப்போக்கில் உயிரொலியும் ரகரமும் ஒன்றன் இடத்திற்கு மற்றொன்று மாறின. தசை சதையானதையும் விசிறி சிவிறியானதையும் அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆங்கிலத்திலேயே பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' என்பது முன்னாளில் 'பிரிட்' என்றிருந்ததே. நடுவில் நிற்கும் 'ஜி', 'எச்' என்னும் இரண்டும் ஒருகாலத்தில் தொண்டையில் உரசி எழுந்த ஓர் ஒலியைக் காட்டியவை. நம் ஆய்தத்தை நினைத்துக்கொண்டால் அவ்வொலி ஒருவாறு விளங்கும். ஒலி மறைந்தது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. நம் வீட்டு வாயிற்கதவுகளுக்கு 'ராட் அயர்ன்' என்கிறோமே, அந்த 'ராட்'டும் இவ்வேரினதே. 'வேலை செய்யப்பட்டது' என்பது அதன் நேர்ப்பொருள்.

எழுதுதலைக் குறிக்கும் மற்றொரு 'ரைட்' முற்றிலும் வேறு குடியைச் சார்ந்தது. கீறுதல், செதுக்குதல் என்னும் பொருளிற் பிறந்த சொல் அது. ஓலையில் எழுத்தாணியாற் கீறி எழுதிய மரபினர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

பழைய ஆங்கிலத்தில் உலகைப் படைத்த இறைவனையும் 'விர்ஹ்தா' என்றே வழங்கியிருக்கின்றனர். வண்டி செய்வோன், சக்கரம் செய்வோன், கப்பல் செய்வோன், ஆலை செய்வோன் எனத் தொழில்தோறும் இச்சொல் பின்னொட்டாகச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் தனித்து நின்றே தச்சனைக் குறித்தது. குடிப்பெயர்களிலும் இது வாழ்கிறது. வண்டி செய்த குடியினர் கார்ட்ரைட் ஆயினர். பெட்டி செய்த குடியினர் ஆர்க்ரைட் ஆயினர். இவ்விரு பெயர்களையும் கேட்ட அளவில் இந்தியராகிய நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1769 ஆம் ஆண்டில் நீர்விசையால் இயங்கும் நூற்பு எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றவர் ரிச்சர்ட் ஆர்க்ரைட். 1785 இல் விசைத்தறிக்கு அதனைப் பெற்றவர் எட்மண்ட் கார்ட்ரைட். கைவினைஞன் என்று பெயரிலேயே பொறித்துக்கொண்ட இருவரின் கருவிகள் உலகெங்கும் கைத்தறியாளரின் வாழ்வைக் குலைத்தன. சொல்லின் விளையாட்டு சில வேளைகளிற் கொடியது.

இனி நாடகத்திற்கு வருவோம். கைவினைஞனையும் நாடகத்தையும் இணைத்தது வெறும் உவமை என்று கருத வேண்டா. இங்கிலாந்தில் நாடகம் உண்மையாகவே கைவினைஞர் கையில் வளர்ந்தது. வட இங்கிலாந்தின் யார்க் நகரில், 1376 முதல் 1569 வரை ஆவணங்களிற் காணும் திருவிழா நாடகங்களை நினைவுகூர்க. உலகத்தின் தோற்றம் முதல் இறுதித் தீர்ப்பு வரை விவிலியக் கதை முழுவதையும் ஒரு கோடை நாளிற் சிறுசிறு நாடகங்களாக, சக்கரம் பூட்டிய மேடைகளில் தெருத் தெருவாக இழுத்துச் சென்று நடித்தனர். விடியற்காலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையே நடிகர் தம் மேடை வண்டியருகே அணியமாக நிற்க வேண்டும் என்பது நகராட்சியின் ஆணை. நம் ஊர்த் தேரோட்டத்தையும் தெருக்கூத்தையும் ஒருசேர எண்ணிப் பார்த்தால் அக்காட்சி ஓரளவு கண்முன் தோன்றும்.

ஒவ்வொரு நாடகமும் ஒவ்வொரு தொழிற்கூட்டத்தின் பொறுப்பு. அப்பங்கீட்டைப் பார்த்தாலே சுவை பிறக்கும். இயேசுவின் கடைசி விருந்து அப்பம் சுடுவோர்க்கு. பெருவெள்ளம் மீனவர்க்கும் கடலோடிகளுக்கும். நோவா என்னும் முதியவர் பேழை கட்டும் கதை, வேறு யாருக்கு, கப்பல் தச்சர்க்கு. சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்வோர்க்கு.

கப்பல் தச்சரின் நாடகத்தில் இறைவன் நோவாவிடம் பேழை கட்டச் சொல்கிறார். நோவா நடுங்குகிறார்; தாம் முதுமையால் தளர்ந்தவர், கப்பல் வேலை அறியாதவர் என்கிறார். இறைவனோ அளவுகளைச் சொல்லித் தருகிறார். பின்னர் அம்முதியவர் பலகையை எடுக்கிறார். செதுக்குமுன் என்ன செய்கிறார்? நூல் பிடிக்கிறார்! பலகைமேல் கயிற்றை வைத்துக் கோடு பார்த்த பின்பே கருவியை எடுக்கிறார். உண்மையான கப்பல் தச்சன் ஒருவன், தெருவில் கூடிய தன் தொழிலாளர் முன்னிலையில், தன் தொழிலின் முதற் செயலைச் செய்து காட்டும் இடம் அது. அவ்விடத்தில் நடிப்பு ஏது, வேலை ஏது?

இந்த வரியைப் படித்தபோது நன்னூலின் பாயிரம் என் நினைவில் எழுந்தது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலைப் புலவனின் நூல் தீர்க்கிறது என்று பவணந்தியார் உவமை சொல்கிறார். நூல் என்னும் ஒரே சொல்லில் நூற்பவனையும் தச்சனையும் புலவனையும் ஒருங்கு நிறுத்திய மொழி நம்முடையது. 'செய்யுள்' என்னும் சொல்லும் செய்யப்பட்டது என்பதையன்றி வேறெதனைக் குறிக்கிறது? கிரேக்கரும் கவிஞனைச் 'செய்வோன்' என்றே அழைத்தனர். ஸ்காட்லாந்தினரும் தம் பழம்புலவர்களை அப்படியே வழங்கினர்.

யார்க் நாடகங்களுள் என்னை மிகவும் ஆட்கொண்டது ஆணி செய்வோரின் நாடகமே. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீரர் நால்வர் சிலுவையைத் தரையில் கிடத்தி இயேசுவை அதன்மேல் படுக்க வைக்கின்றனர். ஆளுக்கு ஓர் உறுப்பாகப் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒரு கையில் ஆணி இறங்குகிறது. மறு கைக்கு வந்தால், மரத்தில் முன்னரே இட்ட துளை தவறான இடத்தில் இருக்கிறது. கை அங்கே எட்டவில்லை. என்ன செய்வது? துளையை மாற்றுவது பெரும் வேலை. ஆகவே கயிறு கட்டிக் கையை இழுத்துத் துளைவரை நீட்டுகின்றனர். கால்களுக்கும் அவ்வாறே. பின்பு சிலுவையைத் தூக்கி நிறுத்தும்போது, தோள் வலிக்கிறது என்று ஒருவரையொருவர் நொந்துகொள்கின்றனர். நிறுத்திய பின் பார்த்தால் அடியிலுள்ள குழி அகலமாகிவிட்டது, சிலுவை ஆடுகிறது. ஆப்பு அடித்து இறுக்குகின்றனர்.

நாடகம் முழுவதும் இதுவே. கூலி வேலைக்கு வந்த நால்வர், அளவு தவறிய மரத்தோடு மல்லுக்கு நிற்கின்றனர். அவர் பேச்சில் வன்மம் கூட மிகுதியில்லை. இருப்பதெல்லாம் வேலைத்தளத்தின் அலுப்பும் அவசரமும். நடுவே கிடப்பவர் இரண்டே முறைதான் வாய் திறக்கிறார். கூடி நின்ற மக்களோ நெடுநேரம் அவரை மறந்து, துளை எங்கே, கயிறு எங்கே என்று வேலையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பர். சிலுவை நிமிர்ந்து மேலெழும்போதுதான் தாம் இதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவர்க்கு உறைத்திருக்கும். இதனைச் செய்தவன் பெயர் நமக்குத் தெரியவில்லை. அவன் சொல்வளம் மிக்கவனும் அல்லன். ஆயினும் ஒரு தவறான துளையைக் கொண்டு பார்வையாளர் நெஞ்சையே துளைத்துவிட்டான். தாளில் படிப்போர் பலர் இதனை முரட்டு நாடகம் என்று ஒதுக்கினர். எழுத்தாகப் பார்த்தால் முரடுதான். தச்சு வேலையாகப் பார்த்தால் ஓரிடத்திலும் இடைவெளி இல்லை.

யார்க்கைப் போலவே காவெண்ட்ரி நகரிலும் தொழிற்கூட்டத்தார் நாடகம் நடித்தனர். அது 1579 இல் நின்றது. அப்போது அந்நகருக்கு அணித்தான ஸ்டிராட்போர்டில் கையுறை தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு வயது பதினைந்து. அவ்விளைஞர் ஷேக்ஸ்பியர் அந்நாடகங்களைக் கண்டிருக்கலாம் என்று அறிஞர் ஊகிப்பர். ஊகம் எவ்வாறாயினும், பின்னாளில் அவர் இயற்றிய 'நடுவேனில் இரவுக் கனவு' என்னும் நாடகத்தில் ஏதென்சு நகரத் தொழிலாளர் அறுவர் நாடகம் போட வருகின்றனர். நெசவாளி, இணைப்புத் தச்சன், துருத்தி பழுதுபார்ப்போன், கலம் அடைப்போன், தையற்காரன். இவர்களுக்கெல்லாம் நாடகம் வகுத்துக் கொடுத்துப் பயிற்றுபவன் பீட்டர் குவின்ஸ் என்னும் தச்சன். பிளேரைட் என்னும் சொல்லின் இரு பொருளும் ஓர் ஆளிடம் குடிகொண்ட இடம் அது.

அக்காட்சிகளை நகைச்சுவை என்று சொல்லி விடுவது வழக்கம். நகைப்புக்குரியவைதாம். ஆயினும் அத்தொழிலாளர் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்று பார்க்க வேண்டும். அறைக்குள்ளே நிலவொளியை எப்படிக் கொண்டுவருவது? சுவர் ஒன்று வேண்டுமே, அதை எப்படி நிறுத்துவது? சிங்கத்தைக் கண்டு பெண்கள் அஞ்சினால் என்ன செய்வது? இவை முட்டாள்களின் கேள்விகள் அல்ல. நாடகம் செய்யும் ஒவ்வொருவனும் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். அவர்கள் கண்ட விடைகள்தாம் நகைப்பைத் தருகின்றன.

நாடக அரங்கையும் தச்சரே கட்டினர் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அதிலும் ஒரு செய்தி உண்டு. 1576 இல் இலண்டனின் புறத்தே 'தியேட்டர்' என்னும் பெயரோடு நாடகத்திற்கென்றே ஓர் அரங்கை எழுப்பிய ஜேம்ஸ் பர்பேஜ், நடிகராகுமுன் இணைப்புத் தச்சராயிருந்தவர். அவர் மறைவுக்குப் பின், நிலக் குத்தகை முடிந்து நிலத்துக்குரியவரோடு வழக்கு மூண்டபோது, 1598 டிசம்பர் இறுதியில் அவருடைய மக்களும் பீட்டர் ஸ்டிரீட் என்னும் தச்சரும் ஆட்களோடு சென்று அரங்கின் மரச்சட்டங்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றைத் தேம்ஸ் ஆற்றின் தென்கரைக்குக் கொண்டுபோய் 1599 இல் எழுப்பியதே புகழ்பெற்ற குளோப் அரங்கம். துளையும் கழுந்துமாகப் பொருத்திய மரவேலையைப் பிரிக்கவும் மீண்டும் கூட்டவும் இயலும். தச்சர் ஒவ்வொரு பொருத்துக்கும் குறியிட்டு வைப்பதும் அதற்காகவே. ஷேக்ஸ்பியரின் பெருநாடகங்கள் ஏறியது இத்தகைய பழைய மரத்தின்மேல்தான்.

அதே பீட்டர் ஸ்டிரீட் 1600 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'ஃபார்ச்சூன்' என்னும் மற்றோர் அரங்கைக் கட்ட ஒப்பந்தம் செய்தார். கூலி 440 பவுன். அப்பத்திரம் இன்றும் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. வெளிப்புறம் 80 அடிச் சதுரம், உட்புறம் 55 அடிச் சதுரம், மேடையின் அகலம் 43 அடி என்று அளவு சொல்கிறது. நாம் சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில், இருபத்துநான்கு பெருவிரல் அளவுள்ள மூங்கிற் கோலால் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கு அமைத்ததைப் படித்தவர்கள். காவியத்தின் நடுவே இளங்கோவடிகள் ஏன் கொத்தனார் கணக்குப் பேசுகிறார் என்று மாணவப் பருவத்தில் நான் சலித்ததுண்டு. அதே காதையில் அவர் வரிசைப்படுத்தும் முறையையும் நோக்குக. முதலில் ஆடலாசிரியன், அடுத்து இசையாசிரியன், புலவனுக்கு மூன்றாம் இடம்தான். அதன்பின் தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள். கவிஞர் ஒருவர் தம் இனத்தவனுக்கு மூன்றாம் இருக்கை தந்திருக்கிறார்.

எலிசபெத் காலத்து நாடகப் பிரதிகள் எவ்வாறு இருந்தன என்பதைக் கண்டால் 'தச்சன்' என்னும் சொல் இன்னும் தெளிவு பெறும். நடிகர் எவரிடமும் முழு நாடகமும் இராது. ஒவ்வொருவர்க்கும் அவர் பேச வேண்டியது மட்டும் நீண்ட தாட்சுருளில் எழுதித் தரப்படும். பிறர் பேச்சில் கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் குறிப்பாக இருக்கும். அச்சொற்கள் காதில் விழுந்ததும் இவர் பேச வேண்டும். எட்வர்ட் ஆலின் என்னும் பெருநடிகர் பயன்படுத்திய அத்தகைய சுருள் ஒன்று டல்விச்சில் எஞ்சியிருக்கிறது. திரைக்குப் பின்னே, யார் எப்போது உள்ளே போக வேண்டும், கையில் எதைக் கொண்டுபோக வேண்டும் என்னும் பட்டியல் ஒன்று அட்டையில் ஒட்டி முளையில் மாட்டப்பட்டிருக்கும். அதன் பெயர் 'பிளாட்'. இன்று கதைக்கட்டு என்னும் பொருளில் திறனாய்வாளர் பெருமிதத்தோடு வழங்கும் 'பிளாட்', அன்று மனையின் வரைபடத்தையும் குறித்தது, முளையில் தொங்கிய இந்த அட்டையையும் குறித்தது.

தனித்தனியே அறுத்த மரத்துண்டுகள் போல ஆளுக்கொரு சுருள். கட்டுமிடத்திற்கு வந்தபின் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நாடகம் செய்வோன் வசனத்தை மட்டும் எண்ணி எழுத முடியாது. எந்தச் சொல்லில் ஒருவன் முடிப்பான், அச்சொல் மற்றவன் செவியில் எவ்வளவு நேரம் கழித்து விழும், வாயிலிலிருந்து மேடையின் முன்பக்கம் வர எத்தனை வரி தேவை என்பதெல்லாம் அவன் கணக்கு. பொருத்துகளில் இடைவெளி விட்டால் எவ்வளவு நயமான வரியும் அங்கே விழுந்துவிடும்.

தாமஸ் ஹேவுட் என்னும் நாடகாசிரியர், 220 நாடகங்களில் தம் முழுக்கையோ, குறைந்தது முக்கியமான ஒரு விரலோ பட்டிருப்பதாக 1633 இல் எழுதினார். மூளை என்றோ கற்பனை என்றோ அவர் சொல்லவில்லை. கை என்கிறார், விரல் என்கிறார். அக்காலத்து நாடகங்கள் பல இருவர் மூவர் கூடிச் செய்தவை. ஒருவர் தொடக்கக் காட்சி, மற்றொருவர் நகைச்சுவை எனப் பங்கிட்டுக் கூலி பெற்றனர்.

இத்தனை பொருத்தமுடைய 'பிளேரைட்' என்னும் சொல், வழக்குக்கு வந்த நாளில் ஓர் ஏளனச் சொல்லாகவே இருந்தது. அக்காலத்தில் மதிப்புக்குரிய பெயர் 'கவிஞர்' என்பது. பென் ஜான்சன் 1616 இல் வெளியிட்ட தம் தொகுதியில் 'பிளேரைட்' என்று பெயர் சூட்டிய ஒருவனை மூன்று சிறு பாடல்களில் எள்ளி நகையாடுகிறார். அறிவில்லாது நாடகத்தை அடித்துக் கூட்டும் வெறும் மரவேலைக்காரன் என்பதே குத்தல். தம் நாடகங்களை அத்தொகுதியில் 'படைப்புகள்' என்று தலைப்பிட்டு வெளியிட்ட துணிவுக்காக அவரையே பிறர் எள்ளினர் என்பது தனிக்கதை.

இதில் உறுத்துவது ஒன்றுண்டு. பென் ஜான்சன் தாமே கைத்தொழிலாளர். மாற்றாந்தந்தை கொத்தனார், அத்தொழிலையே இவரும் பயின்று, அத்தொழிற்கூட்டத்தில் உறுப்பினராகவும் இருந்தார். 1598 இல் நடிகர் ஒருவரை வாட்போரில் அவர் கொன்றபோது, அரங்க முதலாளி ஹென்ஸ்லோ தம் மருகர்க்கு எழுதிய மடலில், கொன்றவர் பென் ஜான்சன் என்னும் கொத்தன் என்றே குறித்தார். அவருக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர்தாம் ஜான்சன்! பகைவரும் வாழ்நாள் முழுதும் அச்சொல்லாலேயே அவரைக் குத்தினர். குத்துப்பட்டவர் அதே ஆயுதத்தை எடுத்து மற்றவரைக் குத்தினார். கரணையைத் தொட்ட கைக்கு நேர்ந்த நாணம் அது. கைத்தொழிலைத் தாழ்வாகவும் எழுத்தாணியை உயர்வாகவும் வைத்த சமுதாயத்தில் பிறந்த நாம் அந்நாணத்தைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஆயினும் அவர் உள்ளத்தில் தொழிலாளி சாகவில்லை. 1623 இல் ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுதிக்கு எழுதிய புகழ்ப்பாடலில், கவிஞன் பிறப்பால் மட்டும் அமைபவன் அல்லன், செய்யவும் படுபவன் என்றும், உயிருள்ள வரி எழுத விரும்புவோன் பட்டறைக் கல்லில் வியர்வை சிந்தி அடிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். 1637 இல் அவர் மறைந்தபின் வெளிவந்த அவருடைய குறிப்பேட்டின் பெயர் என்ன தெரியுமா? 'டிம்பர்', அதாவது மரம்! மூலப்பொருள் என்னும் பொருள்பட இலத்தீன் மரபையொட்டி வைத்த தலைப்பு. தச்சன் என்று பிறரை இகழ்ந்தவரின் பரணில் அறுத்த மரம்தான் அடுக்கியிருந்தது.

காலம் ஏளனத்தை மழுக்கிவிட்டது. இன்று பிளேரைட் என்பது மதிப்புள்ள பட்டம். ஆனால் மதிப்பு வந்தபோது பொருள் போய்விட்டது. நாடகம் இயற்றும் செயலைக் குறிக்க இன்று ஆங்கிலேயர் பெரும்பாலும் எழுதும் 'ரைட்டிங்'கையே பிளேயோடு சேர்க்கின்றனர். ஆள் தச்சன், அவன் செய்யும் வேலையோ எழுத்து! என் பேத்தியின் பிழை அம்மொழியே செய்துவிட்ட பிழைதான்.

நம் பக்கம் திரும்பினால், 'நாடக ஆசிரியர்' என்கிறோம். இப்பெயரைக் கேட்டதும் மேசையருகே தாளும் பேனாவுமாக அமர்ந்தவர் நினைவுக்கு வருகிறார். முன்பு அப்படியில்லை. சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) எண்ணுக. அவர் தாமே வேடமிட்டு நடித்தவர். சிறுவர் குழுக்களுக்கு நாடகம் எழுதி, பாட்டுக் கற்பித்து, அடி எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தவர். 1918 இல் தொடங்கிய மதுரைத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் அவரிடம்தான் பயின்றனர். அவர் ஆசிரியர் என்றால் உண்மையாகவே ஆசிரியர், கம்பெனி வாத்தியார். எந்தப் பையனுக்கு எந்தச் சுருதி எட்டும் என்று அறிந்து பாட்டை அளவெடுத்தவர். அவருடைய நாடகங்களை அச்சில் படித்து விட்டு, பாட்டு மிகுதி, உரையாடல் குறைவு என்று எழுதிய கட்டுரைகள் உண்டு. தேரின் அச்சைக் கழற்றி வரவேற்பறையில் வைத்து, இருக்கையாக வசதியில்லை என்பது போன்ற குறை அது.

சக்கரத்தைப் பற்றி ஒரு நல்ல நூல் ஆங்கிலத்தில் உண்டு. ஜார்ஜ் ஸ்டர்ட் என்பவர் 1923 இல் வெளியிட்ட 'வீல்ரைட்டின் பட்டறை'. பள்ளியாசிரியராயிருந்த அவர் 1884 இல் ஃபார்னம் என்னும் ஊரில் தந்தையின் வண்டிப் பட்டறையை ஏற்றார். குடத்துக்கு எல்ம் மரம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்று மரத்தைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, சக்கரத்தைத் தட்டையாக அன்றித் தட்டுப் போல் சற்றே குழிவாக அமைக்கும் நுட்பத்தை விளக்குகிறார். குழிவு ஏன் என்று கேட்டால் அவருடைய பழைய தொழிலாளர்க்குச் சொல்லத் தெரியாது, செய்யத் தெரியும். சுமை ஏறிய வண்டியைக் குதிரை இழுக்கையில், ஒவ்வோர் அடிக்கும் பாரம் இப்புறமும் அப்புறமும் சாய்கிறது. தட்டையான சக்கரம் அதில் பிதுங்கிப் போகும். 1933 இல் லீவிஸ், தாம்ப்சன் என்னும் திறனாய்வாளர் இருவர் தம் நூலில் இதனைப் போற்றி எடுத்தாண்டனர். மறைந்த கிராமத்தைப் பற்றிய ஏக்கமே அவர்களை ஈர்த்தது. எனக்கு அந்த ஏக்கம் சற்று மிகையாகவே தோன்றுகிறது. நான் அந்நூலில் கற்றது வேறு: சக்கரத்தின் குற்றம் பட்டறையில் தெரியாது, சாலையில்தான் தெரியும்.

புறநானூற்றின் 87 ஆம் பாட்டில் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார். வேகமாகச் செய்ய அறிந்தவன் மெல்லச் செய்தது என்பதில்தான் அதன் வலிமை. ஒரு கைவினையை இவ்வளவு நுட்பமாக அறிந்து பாராட்டிய மதிப்புரையாளர் பின்னாளில் நம்மிடை எத்தனை பேர்?

எண்ணிக்கையில் என்னைச் சேர்க்க வேண்டா. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நாம் வாழும் இவ்வடபுலத்து நகரொன்றில், தமிழ் நாடகப் போட்டிக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கும் நடுவர் மூவருள் நான் ஒருவன். முதற் பரிசு பெற்ற நாடகத்தை ஒரே மூச்சில் படித்தேன். எதுகையும் மோனையும் துள்ளின. மேடை ஏறியபோது பாத்திரங்கள் வரிசையாக நின்று மாறி மாறிப் பேசினர். இரண்டாம் காட்சியிலேயே அவையோர் காப்பிக்கு எழுந்தனர்.

அதே போட்டிக்கு, இரயில்வே பட்டறை ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்த்த தமிழர் ஒருவர் ஒரு நாடகம் அனுப்பியிருந்தார். பேச்சைவிட நடிப்புக் குறிப்புகளே அதில் மிகுதி. ஓய்வு பெற்ற தந்தை, முப்பதாண்டு வாழ்ந்த குடியிருப்பைக் காலி செய்து, தான் மறந்துபோன ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பும் கதை. நான் குறைந்த மதிப்பெண் இட்டு ஒதுக்கிவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆயுத பூசையன்று அவருடைய நண்பர்கள் பட்டறைக் கொட்டகையில் அதனை நடித்தபோது அழைப்பின் பேரில் போயிருந்தேன். கடைசிக் காட்சியில் இருவர் ஒரு பெரிய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெல்ல மேடையைக் கடந்து வெளியே போகின்றனர். ஒருவரும் பேசவில்லை. மருமகள் ஒரு துணியை எடுத்துவந்து, பெட்டி இருந்த இடத்தில் படிந்த சதுரக் கறையைத் துடைக்கிறாள். அது போகவில்லை. மீண்டும் துடைக்கிறாள். கொட்டகையில் அத்தனை குழந்தைகள் இருந்தும் ஓர் ஓசை இல்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் மேல்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்தபின் அவரைத் தேடிச் சென்று, அந்தப் பிரதியை ஒருமுறை பார்க்கத் தருமாறு கேட்டேன். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். போட்டிக்கு அனுப்பிய அதே பிரதிதான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பெட்டியைத் தூக்குகின்றனர், மருமகள் துடைக்கிறாள் என்று இரண்டே வரி. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால், என் கையெழுத்தில், 'இங்கு வசனம் தேவை' என்று எழுதியிருந்தது.